பன்விலவில் கைதட்டு வாங்கிய பதில்

மேடை மொழிபெயர்ப்பாளருக்கு யாரும் கதிரை போடுவதில்லை. வேட்பாளருக்கு ஒன்று, தலைமை தாங்குபவருக்கு ஒன்று, கோயில் தர்மகர்த்தாவுக்கு ஒன்று, மாலை கொண்டுவந்தவருக்குக்கூட ஒன்று இருக்கும். நீங்கள் மட்டும் ஒலிவாங்கிக்குப் பக்கத்தில் இரண்டு மணி நேரம் நின்றுகொண்டே இருப்பீர்கள். கால் வலிக்கும். ஆகவே செருப்பைப் பார்த்து வாங்குங்கள். மற்றதையெல்லாம் பயிற்சி வகுப்பில் சொல்லித் தந்திருப்பார்கள். அங்கே சொல்லித் தராத ஒன்றை, நானே செய்து அவமானப்பட்ட ஒன்றை, இங்கே எழுதுகிறேன். உங்களில் ஒருவராவது அதைச் செய்யாமல் தப்பித்தால் போதும்.

நான் கண்டி நகரத்துப் பெண். அப்பாவுக்கு அங்கே கொழும்பு வீதியில் பலசரக்குக் கடை. என் சிங்களத்தில் பாதி பள்ளிக்கூடத்தில் வந்தது, மீதி அந்தக் கடையில் நின்று பழகியது. பிறகு நீதிமன்றத்துக்குப் பக்கத்துத் தெருவில் ஒரு சின்ன அறையும் ஒரு தட்டச்சு இயந்திரமும் என்று உட்கார்ந்து, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி, விவாகப் பதிவு என்று வருவதையெல்லாம் மொழிபெயர்த்தேன். தேர்தல் வந்தால் மட்டும் மேடை. அந்த நாட்களில் பெண்கள் யாரும் மேடை மொழிபெயர்ப்புக்குப் போவதில்லை. எனக்கோ குரல் பெரிசு, வெட்கம் கொஞ்சம் குறைவு. அதனால் கூப்பிட்டார்கள்.

எங்களுக்குள் 'சீனி போடுவது' என்று ஒரு பேச்சு உண்டு. வேட்பாளர் கசப்பாக ஏதாவது சொன்னால் தமிழில் அதைக் கொஞ்சம் இனிப்பாக்குவது. ஒரு பெரிய கட்சியின் பிரமுகர் ஒருமுறை தேயிலைத் தோட்டத்து மேடையில் சிங்களத்தில் "இந்த ஆட்களுக்கு எவ்வளவு செய்தாலும் போதாது" என்று எரிந்து விழுந்தார். நான் தமிழில் "உங்களுக்கு எவ்வளவு செய்தாலும் தகும் என்கிறார்" என்றேன். மாலை மேல் மாலை விழுந்தது. அவருடைய செயலாளர் கீழே இறங்கியதும் என்னிடம் "கெட்டிக்காரி" என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை. அன்றிலிருந்து நான் தாராளமாகச் சீனி போட ஆரம்பித்தேன், இது ஒரு திறமை என்றே நினைத்தேன். இதை எழுதும்போது இன்றும் எனக்குக் கூசுகிறது.

அப்படி இருந்த காலத்தில்தான் அந்த மனிதர் வந்தார்.

பிலிமத்தலாவைக்காரர். அரசாங்கத்தில் பாலம் கட்டும் பொறியியலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். எந்தக் கட்சியிலும் ஒரு நாள்கூட இருந்ததில்லை. திடீரென்று சுயேச்சைக் குழு ஒன்றைச் சேர்த்துக்கொண்டு பாராளுமன்றத் தேர்தலுக்கு நின்றார். சின்னம் கேத்தல், தேநீருக்குத் தண்ணீர் கொதிக்க வைக்கும் பாத்திரம். கண்டியில் அதற்கே ஒரு வாரம் சிரித்தார்கள். தேநீர்க்கடைகளில் "தண்ணி கொதிச்சிட்டுதா" என்று அவருடைய ஆட்களைக் கேட்பார்கள். அடுத்தவன் சுவரில் ஒட்டுவது அநாகரிகம் என்று சொல்லி அவர் போஸ்டர்கூட அடிக்கவில்லை. துண்டுப்பிரசுரம் மட்டும்தான். அதன் தமிழாக்கம் என்னிடம் வந்தது.

அந்தப் பிரசுரத்தைப் படித்தால் அவர் யாருக்கும் பிடிக்காமல் போவதற்கென்றே உட்கார்ந்து எழுதியது போல இருக்கும். அரசாங்கம் தன் வரவுக்குள் வாழ வேண்டும், இலவசமாக எதையும் தருவதாகச் சொல்பவனை நம்பாதீர்கள் என்று ஒரு பத்தி. எம்பி கடிதம் கொடுத்து வேலை வாங்கும் வழக்கம் ஒழிய வேண்டும், என்னிடம் யாரும் கடிதத்துக்கு வரவேண்டாம் என்று இன்னொன்று. மாகாண சபைகள் வீண் செலவு, நாடு ஒன்று, சட்டமும் ஒன்று. சாராயக் கடைகளை மூட வேண்டும். ஒரு மனிதன் கையில் அவ்வளவு அதிகாரமுள்ள ஜனாதிபதிப் பதவி கூடாது. பிள்ளைகள் கோயிலுக்கோ பௌத்த பன்சலைக்கோ பள்ளிவாசலுக்கோ போய்ப் பெரியவர்களுக்கு அடங்கி வளர வேண்டும். வடக்கில் நடந்துகொண்டிருந்த யுத்தத்தைப் பற்றியும் எழுதியிருந்தார். நாடு பிரிவதை ஒருபோதும் ஏற்க மாட்டேன், ஆனால் சவப்பெட்டி வரும் வீட்டுக்குப் பக்கத்தில் வெற்றிக் கொண்டாட்டம் என்று வெடி கொளுத்துகிறவன் என் கூட்டத்துக்கு வரக்கூடாது என்று. அந்தக் காலத்தில் அந்த இரண்டாவது பாதியை எழுத நெஞ்சுரம் வேண்டும்.

'தாய்மார் வீட்டில் இருந்து பிள்ளைகளை வளர்க்க வேண்டும்' என்ற வரியில் மட்டும் பென்சிலால் ஒரு கேள்விக்குறி போட்டு அனுப்பினேன். இது தோட்டத்துக்கும் போகிற பிரசுரமா, அங்கே தாய்மார் எல்லோரும் வேலை செய்கிறார்களே என்று ஒரு குறிப்பும் எழுதினேன். மறுநாள் காலையில் ஆளே படியேறி வந்துவிட்டார். நெட்டையான, ஒடிசலான மனிதர், சட்டைப்பையில் இரண்டு பேனா.

"அழிக்கச் சொல்கிறீர்களா?" என்றார் சிங்களத்தில். அவர் பேச்செல்லாம் சிங்களம்தான். இங்கே நான் தமிழில் எழுதுகிறேன், சீனி இல்லாமல்.

"இல்லை மாத்தயா. கேட்கிறேன்."

"அப்படியே போடுங்கள். நான் நினைப்பது அதுதான்." கொஞ்சம் யோசித்துவிட்டு, "மேடைக்கும் நீங்கள் வருவீர்களா?" என்றார்.

"வீட்டில் இருக்க வேண்டியவளை மேடைக்குக் கூப்பிடுகிறீர்களே?"

"சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்களா?"

"கல்யாணமே ஆகவில்லை."

"அப்படியானால் கொள்கைக்குப் பாதகமில்லை" என்றார். முகத்தில் சிரிப்பின் அறிகுறியே கிடையாது. எனக்குத்தான் சிரிப்பு வந்தது, போகச் சம்மதித்தேன்.

அவர் கொள்கையில் பாதி எனக்கு ஒத்துவராது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். ஆனால் ஒரு விஷயம் என்னை உலுக்கியது. மற்ற வேட்பாளர்கள் சிங்களக் கிராமத்தில் ஒன்று பேசுவார்கள், முஸ்லிம்கள் வாழும் மடவளையில் ஒன்று, தோட்டத்தில் ஒன்று. இந்த மனிதர் எல்லா இடத்திலும் ஒரே தாளை வைத்து ஒரே பேச்சைப் பேசினார். எங்கேயும் கைதட்டு விழவில்லை. அதைப் பற்றி அவர் கவலைப்பட்டதாகவும் தெரியவில்லை.

பன்விலவில் ஒரு தோட்டத்து மாரியம்மன் கோயில் முன்றலில், ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கூட்டம். பெண்கள்தான் அதிகம். தோட்டத்து இளைஞர்களுக்குச் சிங்களம் நன்றாகவே விளங்கும். ஆனாலும் ஒலிபெருக்கியில் சிங்களம் ஓடும்போது அதை யாரும் காதில் போட்டுக்கொள்வதில்லை. தமிழ் வரட்டும் என்று தங்களுக்குள் கதைத்துக்கொண்டிருப்பார்கள். நம் தொழிலில் இருப்பவர்களுக்கு இதைவிட ஆபத்தான சௌகரியம் வேறு இல்லை.

தாய்மார் வீட்டில் இருக்க வேண்டும் என்ற வரி வந்தது. அப்படியே சொன்னேன். உடனே பின்னாலிருந்து ஒரு அம்மா, "அப்ப கொழுந்த யாருங்க எடுப்பா? தொரைங்களா?" என்றாள். கூட்டமே குலுங்கியது. அதையும் அவருக்கு அப்படியே சிங்களத்தில் சொன்னேன். அவருக்குக் காது வரை சிவந்துவிட்டது. "ஒரு ஆள் உழைப்பில் ஒரு குடும்பம் மானமாக வாழ முடிய வேண்டும், அதைத்தான் சொல்ல வந்தேன்" என்றார். தலையாட்டினார்கள். பாருங்கள், அதுவரை எல்லாம் ஒழுங்காகத்தான் போனது. உள்ளதை உள்ளபடி சொன்னதால் யாரும் யாரையும் அடிக்கவில்லை.

அப்போது பொன்னழகு எழுந்தாள். நாற்பது வயது இருக்கும். அந்தத் தோட்டத்து மாதர் சங்கத்துக்கு அவள்தான் தலைவி, லயத்து வரிசை வீடுகளில் ஒன்றில் இருந்து தேயிலைக் கொழுந்து எடுப்பவள்.

"ஐயா, எந்தம்பி ரோட்டுல லொறி அடிச்சு செத்துட்டாங்க. நா பொலிசுக்குப் போயி நடந்தத சொன்னேன். அவங்க சிங்களத்துல எழுதி, கையெழுத்துப் போடுன்னாங்க, போட்டேன். கோட்டுல வாசிக்கிறப்பதான் தெரியுது, அவன் குடிச்சிட்டு நடு ரோட்டுல நடந்தான்னு நானே சொன்னதா எழுதியிருக்கு. எந்தம்பி கள்ளு வாடையே ஆகாதவங்க. கேசு போயிருச்சு. எங்க பேச்ச எங்க பாசையில எழுதுற ஆளு ஒருத்தர பொலிசுல வைக்க நீங்க என்னா செய்வீங்க?"

நான் அதை ஒரு சொல் விடாமல் சிங்களத்தில் சொன்னேன். தமிழும் அரசகரும மொழி என்று சட்டம் எழுதி வைத்திருந்த காலம்தான் அது. அவருக்கு அந்தச் சட்டத்தில் உடன்பாடில்லை என்பது எனக்குத் தெரியும். ஆனாலும் பொன்னழகின் முகத்தைப் பார்த்த பிறகு மழுப்பிவிடுவார் என்று நினைத்தேன். அவர் மழுப்பவில்லை.

"உங்கள் தம்பிக்கு நடந்தது அநியாயம். ஆனால் உங்களுக்குப் பொய் சொல்ல மாட்டேன். ஒரு நாட்டின் நிர்வாகம் ஒரு மொழியில் நடக்க வேண்டும் என்று நம்புகிறவன் நான். தமிழ் எழுத்தரை வைப்பதாக வாக்குத் தர மாட்டேன், அதற்காக முயலவும் மாட்டேன். நீங்கள் சிங்களம் படியுங்கள். வெள்ளைக்காரன் காலத்தில் என் அப்பா இங்கிலீஷ் படித்தார், எங்கள் குடும்பம் முன்னுக்கு வந்தது. வழி அதுதான்."

இப்போது என் முறை. பொன்னழகு என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "உங்க தம்பிக்கு நடந்தது பெரிய அநியாயம்னு ஐயா சொல்றாரு. பொலிஸ்ல உங்க பேச்ச ஒழுங்கா எழுத ஆள் வேணும், அதுக்குத் தன்னால ஆனதச் செய்வாராம். நீங்களும் கொஞ்சம் சிங்களம் படிச்சுக்கிட்டா நல்லதுன்னு சொல்றாரு."

கைதட்டு. அவருடைய தேர்தல் வாழ்க்கையில் முதல் கைதட்டு. பொன்னழகு தட்டவில்லை, இரண்டு கைகளையும் சேர்த்துக் கும்பிட்டாள்.

அவள்மீது இரக்கப்பட்டு அப்படிச் சொன்னேன் என்று பல நாட்கள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பொய். அந்த முகத்துக்கு நேரே அந்தச் சொல்லைச் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை, அவ்வளவுதான். இன்னொன்றும் உண்டு. அந்த மனிதர் அப்படி நினைக்கிறாரே என்று எனக்கு ஆத்திரம். அவர் எப்படி நினைத்திருக்க வேண்டும் என்று நான் ஆசைப்பட்டேனோ அதை அவர் வாயில் வைத்தேன்.

திரும்பி வரும்போது வேனில் கேட்டார். "நான் முடியாது என்று சொன்னேன். அவர்கள் ஏன் கைதட்டினார்கள்?"

"நீங்கள் வெளிப்படையாகப் பேசியது பிடித்திருக்கும் மாத்தயா."

"அப்படியா" என்றார். அந்த முகத்தில் அப்போதுதான் முதல் தடவையாக ஒரு சந்தோஷத்தைப் பார்த்தேன். "மக்களைப் பற்றி நான் தவறாக நினைத்துவிட்டேன்" என்று சொல்லி, கண்டி வரும்வரை வெளியே பார்த்துக்கொண்டே வந்தார்.

மூன்று நாள் கழித்து மடவளையில் கூட்டம், அஸர் தொழுகைக்குப் பிறகு. மடவளையில் என் வேலை பெயருக்குத்தான். அங்கே எல்லோருக்கும் இரண்டு மொழியும் தண்ணீர் பட்ட பாடு. அன்றும் யாரோ அதே மொழிக் கேள்வியைக் கேட்டார்கள், அவரும் அதே பதிலைச் சொன்னார். கூட்டம் முடிந்ததும் புடவை வியாபாரி ஒருவர், எல்லோரும் ஹாஜியார் என்று கூப்பிடும் மனிதர், என்னை ஒதுக்கமாகக் கூப்பிட்டார். தோட்டங்களுக்குச் சம்பள நாளில் புடவைக்கட்டு கொண்டு போகிறவர்.

"தங்கச்சி, நான் முந்தாநாள் பன்விலக்கிப் போன. அங்க பொம்புளயல் செல்றாங்க, கேத்தல்காரர் பொலிசில தமிழ் ஆள் போடச் சரின்டாராம். இங்க மனிசன் ஏலாதுன்டு செல்றாரே. எது சரி?"

அவர் என் முகத்தைப் பார்த்தே புரிந்துகொண்டார்.

"அவர் செல்லல்ல, நீங்க செஞ்ச வேல. அப்படித்தானே?" அவர் குரலில் கோபமில்லை, அதுதான் இன்னும் சுட்டது. "அந்தப் பொம்புள, பொன்னழகு, யூனியன் தலைவருக்கிட்ட நேரா போய், இந்த முற எங்கட லயத்து வோட்டெல்லாம் யூனியன் கட்சிக்கில்ல, கேத்தலுக்குத்தான்டு செல்லீட்டா. அவட மகளுக்குப் சின்னப் பிள்ளயலப் பாக்குற பிள்ளக்காம்பராவில ஆயா வேல ஈக்கி, தலைவர் செல்லித்தான் கெடைக்கோணும். இனி கெடைக்குமா? ஒங்கட வாய நம்பித்தானே அவ எழும்பி நின்ட?"

எனக்கு அன்று தூக்கமில்லை. மறுநாள் முழுவதும் எதுவும் செய்யவில்லை. அதையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் தவறு செய்ததைவிட அந்த ஒரு நாள் சும்மா இருந்தது பெரிய குற்றம் என்று இப்போது தோன்றுகிறது. தேர்தல் வேலை சில நாளில் முடிந்துவிடும், மனிதர் எப்படியும் தோற்பார், யாருக்கும் தெரியாமல் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். பிறகு பொன்னழகு கும்பிட்டது கண்ணுக்குள் வந்தது. பிரசாரம் முடிய ஒரே ஒரு நாள் மிச்சமிருந்தபோது பிலிமத்தலாவைக்குப் பஸ் ஏறினேன்.

அவர் முன்னறையில் மருமகனோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன். என்னைப் பார்த்துக் கத்துவார் என்று நினைத்தேன், கத்தியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். அவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார்.

"நீங்கள் தமிழில் சொன்னதைச் சிங்களத்தில் சொல்லுங்கள். ஒரு சொல் விடாமல்."

என் பொய்யை நானே மொழிபெயர்க்க வேண்டியதாயிற்று. அவர் வரி வரியாக எழுதினார். எழுதி முடித்து ஒருமுறை வாசித்துப் பார்த்தார். "நல்ல பதில்" என்றார். "என்னுடையது இல்லை."

மருமகன் குறுக்கே வந்தார். விட்டுவிடுங்கள் மாமா, நமக்கு உறுதியாகக் கிடைக்கிற வாக்கு மாவட்டத்திலேயே அந்த லயத்து வாக்குதான், ஒரு நாளைக்கு வாயை மூடிக்கொண்டிருந்தால் போதும் என்றார்.

"என் பேச்சைக் கேட்டுவிட்டு வேண்டாம் என்று சொன்னவர்கள் எத்தனையோ பேர்" என்றார் கிழவர். "என் பேச்சைக் கேட்காமலே சரி என்று சொன்னவர்கள் இவர்கள் மட்டும்தான். அந்த வாக்கை நான் எப்படி வாங்குவது?" என்னைப் பார்த்து, "நாளைக்கு வருகிறீர்கள்தானே?" என்றார். என்னை வேலையிலிருந்து நிறுத்துவார் என்று எதிர்பார்த்துப் போனவள் நான். என்ன தண்டனை தந்தார் என்று பாருங்கள்.

மறுநாள் பின்னேரம் கொழுந்து நிறுக்கும் மடுவத்துக்கு முன்னால், ரோட்டோரத்தில் நின்றோம். ஒலிபெருக்கி இல்லை, மேடை இல்லை. பெண்கள் கூடையோடு மலையிலிருந்து இறங்கி வந்து நின்றார்கள். யூனியன் தலைவர் கொஞ்சம் தள்ளிக் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். பொன்னழகு முன்வரிசையில். நாங்கள் ஏதோ நல்ல செய்தியோடு வந்திருக்கிறோம் என்று அவள் நினைத்திருக்க வேண்டும், சிரித்தாள்.

"அன்னிக்கு ஐயா சொன்னத நான் மாத்திச் சொல்லிட்டேன்" என்று ஆரம்பித்தேன். "அவரு அப்படிச் சொல்லல. என்மேலதான் பிழை. இன்னிக்கு அவரு திரும்பச் சொல்லுவாரு. நான் ஒண்ணும் மாத்தாம சொல்றேன்."

ஒரு கிழவி காறித் துப்பினாள். யாரோ "சீ" என்றார்கள். அவர் பேச ஆரம்பித்தார். அன்று சொன்ன அதே சொற்கள், அதே வரிசை. இரண்டு வாக்கியத்துக்கு ஒருமுறை நிறுத்தினார், நான் சொன்னேன். வாக்குத் தர மாட்டேன். முயலவும் மாட்டேன். சிங்களம் படியுங்கள். இந்த முறை யாரும் கைதட்டவில்லை. யூனியன் தலைவர் மட்டும் சிரித்தார்.

பொன்னழகு கூடையைக் கீழே வைத்தாள். முதலில் என் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பொலிஸ் ரைட்டரும் இப்பிடித்தான் மிஸ் சொன்னாரு. ஒங்க நல்லதுக்குத்தான் சுருக்கி எழுதுனேன்னு. நாஞ் சொன்னத நாஞ் சொன்ன மாதிரி அவரு எழுதியிருந்தா எந்தம்பி பேரு நிக்கும். இவரு சொன்னத இவரு சொன்ன மாதிரி நீங்க சொல்லியிருந்தா, எம்மகளுக்கு அந்த வேல நிக்கும். ரெண்டு பேருக்கும் என்னாங்க வித்தியாசம்?"

அந்த வேலை அவள் மகளுக்குக் கிடைக்கவில்லை என்று தேர்தலுக்குப் பிறகு ஹாஜியார் சொன்னார். கேத்தலுக்கு அந்த லயத்தில் யார் போட்டார்கள், யார் போடவில்லை என்பது எனக்குத் தெரியாது. மனிதர் தோற்றார், அதில் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஆனால் மடுவத்து முன்னால் அன்று நடந்தது அதோடு முடியவில்லை.

அவள் அவர் பக்கம் திரும்பினாள். "சரிங்க ஐயா, படிக்கிறோம். காலையில ஏழுக்கு மலைக்குப் போனா எறங்கி வர நாலரை. யாரு சொல்லிக் குடுப்பா, எப்ப படிப்போம்? ஒங்க பாச எனக்கு ஒண்ணுந் தெரியாதுன்னு இல்லீங்க. கடையில சாமான் வாங்கத் தெரியும், பஸ்ஸுல எடங் கேக்கத் தெரியும். ஒரு சாவச் சொல்ற அளவுக்குத் தெரியாது. நாங்க படிச்சு முடிக்கிறவரைக்கும் எங்க வீட்டுல யாரும் சாகாம இருப்பாங்களா?"

எல்லாவற்றையும் சிங்களத்தில் சொன்னேன். என்னைப் பற்றி அவள் சொன்னதையும் சேர்த்து, முழுக்க. என் வாழ்க்கையில் நான் செய்த சுத்தமான மொழிபெயர்ப்பு அதுதான் என்று நினைக்கிறேன். ஒரு சொல்லும் விடவில்லை.

அவர் கையில் இருந்த தாளைப் பார்த்தார். அதில் அதற்குப் பதில் இல்லை. மருமகன் "போவோம் மாமா" என்றார். அவர் நகரவில்லை. பெண்கள் நின்றுகொண்டே இருந்தார்கள். தராசுக்காரன்கூட நிறுப்பதை நிறுத்திவிட்டான். கடைசியில் அவர் சொன்னார்: "இதை நான் யோசித்துப் பார்த்ததில்லை. இதற்கு என்னிடம் பதில் இல்லை."

எத்தனையோ மேடையில் எத்தனையோ வேட்பாளருக்குக் குரல் கொடுத்திருக்கிறேன். அப்படி ஒரு வாக்கியத்தை மொழிபெயர்க்க எனக்கு வாய்த்தது அந்த ஒருமுறைதான். "இத நான் யோசிச்சுப் பார்த்ததில்ல, இதுக்கு என்கிட்ட பதில் இல்லன்னு சொல்றாரு" என்றேன்.

பொன்னழகு என் கண்ணுக்குள் பார்த்தாள். "இது அவரு சொல்றதா, நீங்க சொல்றதா?"

தம்பிமாரே, தங்கைமாரே, அந்தக் கேள்விக்கு நான் என்ன செய்வேன்? சாமி சத்தியம் என்று சொல்லலாம். அந்த ரைட்டரும் கோட்டில் சத்தியம் பண்ணியிருப்பான். அந்த மனிதர் தேர்தல் முழுக்கப் பேசியதில் மிகப் பெரிய உண்மை அது, அது என் வாயிலிருந்து வந்ததனாலேயே செல்லாமல் போயிற்று.

"என்ன கேட்கிறாள்?" என்றார் அவர்.

சொன்னேன். நீங்கள் சொன்னதை நான் சொன்னேன் என்று அவளுக்கு நம்பிக்கையில்லை என்றேன்.

அவர் என்னைக் கடந்து இரண்டு அடி முன்னால் போனார். கூடைக்கு அந்தப் பக்கம் அவள், இந்தப் பக்கம் அவர். தாளை மடித்துப் பையில் வைத்தார். தமிழ்ச் சொற்களைத் தேடித் தேடி, ஒவ்வொன்றாக எடுத்து வைத்தார்.

"தெரியாது அம்மா" என்றார். "எனக்கு... தெரியாது."

அவள், கடையிலும் பஸ்ஸிலும் பழகிய அந்தச் சிங்களத்தில், மெதுவாக, "ஹொந்தய் மாத்தயா" என்றாள். நல்லது ஐயா என்று.

இருவரும் அப்படியே நின்றார்கள். மொழிபெயர்க்கச் சொல்லி என்னை யாரும் கேட்கவில்லை.